உட்காரக் கேள், கண்ணம்மா

கண்ணம்மா,

முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சைப் பச்சையாய்ப் புடைத்துச் சுருண்டிருக்கிறது என்றாய். கடையில் கூட்டம் என்று உடனே போனை வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பயத்தை விடு. ஏழாம் மாதம் நடக்கிறது. பிள்ளைக்காக உடம்பில் ரத்தமே 40, 50 சதவீதம் கூடிவிடும். இந்த நேரத்தில் அதிகம் சுரக்கும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் ரத்தக் குழாய்களைத் தளர்த்திவிடும். போதாததற்கு, காலிலிருந்து ரத்தம் மேலே ஏறுகிற பெரிய குழாயைக் கர்ப்பப்பை அழுத்தும். அதனால்தான் ரத்தம் காலில் தேங்கி நரம்பு புடைக்கிறது. நம் குடும்ப வாகும் சேர்ந்துகொண்டது. உன் பாட்டிக்கு இருந்தது, உன்னைச் சுமந்தபோது எனக்கும் வந்தது. பிரசவமாகிச் சில மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எனக்கு உறுத்துவது நீ நிற்கிற நேரம்தான். நடந்தால் கெண்டைக்கால் சதை இறுகி இறுகி ரத்தத்தை மேலே தள்ளும். கவுண்டரில் ஒரே இடத்தில் நின்றால் அதுவும் இல்லை. நானும் ஜவுளிக்கடையில் நின்றவள்தான். ஸ்டூல் கேட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டு நின்ற காலம் அது. கோழிக்கோட்டுக் கடைகளில் நம்மைப் போன்ற பெண்கள் போராடினார்கள், 2018-இல் கேரளத்தில் சட்டம் வந்தது. 2021-இல் தமிழ்நாட்டிலும் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிற எல்லாருக்கும் உட்கார இடம் தரவேண்டும் என்று போட்டார்கள். கர்ப்பிணிகளுக்கோ 1961-ஆம் வருஷத்து மகப்பேறு சட்டத்திலிருந்தே ஒரு பாதுகாப்பு உண்டு. பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரம், அதற்கும் முன்னால் ஒரு மாதம், நெடுநேரம் நிற்கிற வேலை தரக்கூடாது. ஆனால் நாம் கேட்டால்தான். உனக்கு அது அடுத்த மாதமே தொடங்குகிறது. மேனேஜரிடம் இப்போதே எழுதிக் கொடு. இது சலுகை இல்லை, கண்ணு. கூசாமல் கேள்.

டாக்டர் சொன்னால், அளவெடுத்து இறுக்கமான காலுறை வாங்கிக்கொள். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே மாட்டவேண்டும், வீங்கும் முன் மாட்டினால்தான் சரியாகப் பிடிக்கும். இடது பக்கம் ஒருக்களித்துப் படு. வீட்டில் இருக்கும்போது காலைத் தலையணை மேல் தூக்கி வை. ஊசி, லேசர் வைத்தியமெல்லாம் பிரசவத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதை மட்டும் மாப்பிள்ளையிடமும் படித்துக் காட்டு. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சுட்டால், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். பக்கத்து வீட்டு அக்கா எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறேன் என்றால் விடாதே. நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். புடைத்த நரம்பு கீறி ரத்தம் வந்தால் படுத்து, காலை உயர்த்தி, துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தரங்க இடத்தில் புடைப்பு வந்தாலும் டாக்டரிடம் மறைக்காதே. அதுவும் இதே காரணத்தால் வருவதுதான்.

வளைகாப்பு முடிந்து உன்னை ஊருக்குக் கூட்டிவர அப்பாவை ரயிலில்தான் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தே வரவேண்டும், ரயிலென்றால் நடுநடுவே எழுந்து நடக்கலாம். மேனேஜர் என்ன சொன்னார் என்று ராத்திரி போன் பண்ணு.

அம்மா