செயலாளரின் ஆண்டறிக்கை 2025: வாசிகசாலைக் கணினிகளின் வேகம் பற்றியது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, அன்பார்ந்த அங்கத்தவர்களே,

வெள்ளவத்தையில் உள்ள நமது தொடர்மாடிக் குடியிருப்பாளர் நலன்புரிச் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுக்கான அறிக்கையை இப்பொதுக்கூட்டத்தில் சமர்ப்பிக்கிறேன். மின்தூக்கி, மின்பிறப்பாக்கி, நீர்த்தாங்கி ஆகியன பற்றிய விபரங்கள் மாதாந்தக் கூட்டக் குறிப்புகளில் உள்ளன. அவற்றில் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. செயற்குழுவின் நேரத்தை இவ்வாண்டு அதிகம் எடுத்துக்கொண்டது தரைத்தள வாசிகசாலையில் உள்ள ஐந்து கணினிகளும், அவற்றில் ஓர் இணையப் பக்கம் திறப்பதற்கு ஆகும் நேரமுமே. ஆகவே இவ்வறிக்கை அந்த ஒரு விடயத்தையே விரிவாகப் பேசுகிறது.

இக்கணினிகளைக் காலையில் பயன்படுத்துவோர் மரண அறிவித்தல்களும் ஊர்ச் செய்திகளும் பார்க்க வரும் மூத்தவர்கள். பிற்பகலில் க.பொ.த. சாதாரண தர, உயர்தரக் கடந்தகால வினாத்தாள்களைத் தேடும் மாணவர்கள் வருகின்றனர். மாலையில் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் பிள்ளைகளுடன் முகம் பார்த்துப் பேச வரும் பெற்றோரின் முறை. முறைப்பாட்டுப் புத்தகத்தில் எல்லோரும் எழுதியிருந்தது ஒன்றே: இணையம் ஊர்கிறது, வேகம் கூடிய பெக்கேஜ் எடுக்க வேண்டும். அதே கருத்துடைய பிரேரணை ஆண்டின் முற்பகுதியில் செயற்குழுவிலும் கொண்டுவரப்பட்டது. மாதக் கட்டணம் கணிசமாக உயரும் என்பதால், அளந்து பார்க்காமல் பணம் கட்டக் கூடாது என்று பொருளாளர் ஆட்சேபித்தார். அந்த ஆட்சேபத்தை நன்றியுடன் இங்கு பதிவுசெய்கிறேன். சங்கத்தின் பணம் தேவையற்ற வழியில் போகாமல் இருந்ததற்கு அதுவே காரணம்.

அளவெடுக்கும் பொறுப்பை, கணினித் துறையில் பயிலும் இளம் அங்கத்தவர்கள் இருவர் ஏற்றுக்கொண்டனர். ரவுட்டரின் அருகில் ஒரு கைத்தொலைபேசியிலும், கேபிள் மூலம் நேரடியாக இணைத்த ஒரு கணினியிலும், வைஃபை மூலம் இயங்கும் மற்றக் கணினிகளிலும், காலையிலும் இரவு எட்டு மணியளவிலும் அவர்கள் வேகத்தைப் பரிசோதித்தனர். தொலைபேசியிலும் கேபிளிலும் நாம் கட்டணம் செலுத்தும் வேகம் ஏறத்தாழ முழுமையாகவே கிடைத்தது. இரவில் சற்றுக் குறைந்தது உண்மைதான். ஆனால் பக்கம் திறக்காமல் நிற்கும் அளவுக்கு அல்ல. சேவை வழங்குநர் நம்மை ஏமாற்றுகிறார் என்று சிலர் எண்ணியதற்கும் இங்கேயே விடை கிடைத்தது. விளம்பரத்தில் சொல்லப்படும் 20 என்பது மெகாபிட். கோப்பைத் தரவிறக்கும்போது திரையில் தெரியும் 2.5 என்பது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் ஆகையால் இரண்டும் ஒரே வேகமே.

ஆனால் சுவரோரத்தில் இருந்த இரண்டு கணினிகளுக்கு அந்த வேகத்தின் சிறு பங்கே போய்ச் சேர்ந்தது. அவற்றில் செருகப்பட்டிருந்த பழைய டொங்கிள்கள், அதாவது வைஃபை அலையை வாங்கும் சிறு கருவிகள், 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குபவை. அந்த அலைவரிசையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். நமது கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு ரவுட்டர் இருக்கிறது. காலி வீதிப் பக்கமுள்ள கடைகளின் ரவுட்டர்களும் சேர்ந்துகொள்கின்றன. இவ்வளவும் அந்த மூன்று சனல்களுக்குள் நெருக்கியடித்துக்கொள்ளும்போது, நடுவில் ஒரு கொங்கிரீட் சுவரும் நின்றால், எந்தப் பெக்கேஜ் எடுத்தும் பயனில்லை. ஐந்து கணினிகளுக்கும் கேபிள் இழுக்கப்பட்டது. இப்பழைய கணினிகளில் ஒன்றின் கேபிள் செருகுவாய் நொடிக்கு 100 மெகாபிட் மட்டுமே தாங்குவது என்றாலும், அது நமது இணைப்பின் வேகத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

கேபிள் வந்தபின் வேகப் பரிசோதனையின் எண்கள் உயர்ந்தன, முறைப்பாடுகள் குறையவில்லை. குரோம் உலாவியைச் சொடுக்கினால் அது திறப்பதற்கே நீண்ட நேரம் சென்றது. இரண்டாவது டேப்பைத் திறந்ததும் சுட்டி உறைந்தது. இணைப்பில் உள்ள பிழையாயின் பக்கம் மட்டுமே தாமதிக்க வேண்டும்; சுட்டியும் ஸ்டார்ட் பட்டனும் சேர்ந்து தாமதித்தால் பிழை கணினியின் உள்ளே இருக்கிறது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தி, எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்த்தபோது, இணையத்தின் பயன்பாடு பூச்சியத்தை ஒட்டியும், ஹார்ட் டிஸ்கின் பயன்பாடு 100 வீதத்திலும் நின்றது. இந்தப் பரிசோதனையை அங்கத்தவர்கள் தத்தம் வீடுகளிலும் செய்யலாம். கணினி திணறும் அந்த நேரத்திலேயே அதைச் செய்ய வேண்டும். பின்னர் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

காரணம் ரேம், அதாவது கணினி வேலை செய்யும்போது தரவை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம், போதாமையே. மூன்று கணினிகளில் 4 கிகாபைட் ரேமும், மிகப் பழைய கோர் 2 டுவோ கணினிகள் இரண்டில் 2 கிகாபைட் ரேமும் இருந்தன. இன்றைய உலாவிகள் பாதுகாப்புக் கருதி ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயன்முறையாக இயக்குகின்றன. டேப் கூடக்கூட ரேம் கரைகிறது. ரேம் நிறைந்ததும், விண்டோஸ் அதிலுள்ளவற்றில் ஒரு பகுதியை ஹார்ட் டிஸ்கில் எழுதிவைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும் ஹார்ட் டிஸ்கின் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன் எடுப்பதால், தேடும் தரவு முனையின் கீழ் வந்துசேரவே சராசரியாக 4 மில்லிசெக்கனுக்கு மேல் ஆகும். முனை சரியான தடத்துக்கு நகரும் நேரம் அதற்கு மேலதிகம். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் பொருத்தக்கூடிய, சிப்புகளில் தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. அதே வேலை ஒரு மில்லிசெக்கனின் பத்தில் ஒரு பங்கு அளவில் முடிந்துவிடும். உலாவியோ, பார்த்த பக்கங்களின் படங்கள் முதலியவற்றைச் சேமித்துவைக்கும் தனது கேஷ் கோப்புகளைத் துண்டு துண்டாக, நூற்றுக்கணக்கில், எழுதியும் வாசித்தும் கொண்டிருக்கும் இயல்புடையது.

புதிய கணினிகளை ஏன் வாங்கவில்லை என்று கேட்போர் 2022ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு சில மாதங்களுக்குள் அமெரிக்க டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவைத் தாண்டியது. நாம் புதுக் கணினிகளுக்கென ஒதுக்கியிருந்த தொகை அதன்பின் பாகங்களுக்கே போதுமானதாக இருந்தது. ஆகையால் முழுக் கணினியை மாற்றாமல், மூன்றுக்கு எஸ்.எஸ்.டி. பொருத்தி ரேமை 8 கிகாபைட்டாக உயர்த்துவதெனவும், மற்ற இரண்டுக்கும் எஸ்.எஸ்.டி.யோடு பாவித்த, டி.டி.ஆர்.2 என்ற பழைய வகை ரேம் தேடி 4 கிகாபைட்டாக்குவதெனவும் தீர்மானிக்கப்பட்டது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் பாகங்கள் கிடைத்தன. இந்த மதர்போர்டுகளில் (பாகங்களை இணைக்கும் தாய்ப்பலகைகளில்) எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தும் சாட்டா இணைப்பு பழைய தலைமுறையைச் சேர்ந்ததால் எஸ்.எஸ்.டி.யின் உச்ச வேகம் இவற்றில் கிடைக்காது. இருந்தும், இவ்வாண்டு செலவழித்த பணத்தில் மிகுந்த பயன் தந்தது இதுவே என்பது என் கருத்து. தெரிவு ஒன்றுக்குத்தான் வசதி இருக்குமாயின், 4 கிகாபைட் ரேம் உள்ளவர்கள் முதலில் எஸ்.எஸ்.டி.யையும், 2 கிகாபைட் மட்டுமே உள்ளவர்கள் முதலில் ரேமையும் பார்க்க வேண்டும்.

பாகங்களை மாற்றக் கணினிகளைத் திறந்தபோது, கடற்காற்றும் தூசியும் செய்த வேலையும் தெரிந்தது. கணினியின் மூளையான புரொசசரின் விசிறிக்கடியில் தூசி கம்பளியாகப் படிந்திருந்தது. புரொசசரின் சூட்டை வெளியே கடத்தும் தேர்மல் பேஸ்ட் காய்ந்து உதிர்ந்தது. சூடேறிய புரொசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால், காலையில் ஓரளவு ஓடும் கணினி பிற்பகலில் படுத்துவிடுவதன் காரணம் விளங்கிற்று. ஒரு கணினியில் ரேமின் பொன்னிறப் பற்களில் படிந்திருந்த கறையை மாணவரின் அழிறப்பரால் தேய்த்தே நீக்கினர். மற்றொரு கணினியில் திகதியையும் நேரத்தையும் காக்கும் மதர்போர்டின் சிஆர்2032 பட்டரி இறந்திருந்தது. இரவில் மெயின் சுவிட்சை அணைத்ததும் அதன் திகதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அந்தத் திகதியில் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் செல்லுபடியாகத் தொடங்காதவையாகத் தோன்றுவதால் உலாவி அவற்றைத் திறக்க மறுத்தது. இந்தக் கோளாறும் வேகக் குறைவு என்றே முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தது.

உலாவிகளின் நிலை பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே கணினியில் இரண்டு வைரஸ் எதிர்ப்பு மென்பொருட்கள் ஒன்றின் கோப்பை மற்றது சோதித்துக்கொண்டிருந்தன, ஒன்று நீக்கப்பட்டது. கூப்பன், காலநிலை, பி.டி.எப். மாற்றி என்ற பெயர்களில் யாரோ உலாவியில் நிறுவிய நீட்சிகள் (துணைச் சிறுமென்பொருட்கள்) ஒவ்வொரு பக்கத்திலும் தலையிட்டன. குரோமில் ஷிப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் எந்த டேப், எந்த நீட்சி எவ்வளவு எடுக்கிறது என்று தெரியும். அதைப் பார்த்துத் தேவையற்றவை களையப்பட்டன. தளங்கள் அனுமதி கேட்கும்போதெல்லாம் சம்மதம் என்று அழுத்தியதால் வந்து குவிந்த அறிவித்தல்களும் நிறுத்தப்பட்டன. இடம் மிச்சமாகும் என்று கேஷை நாள்தோறும் அழிக்கும் பழக்கம் சிலரிடம் உள்ளது. அது பழுதான பக்கத்துக்கு மருந்தே தவிர வேகத்துக்கு மருந்தல்ல. அழித்த மறுகணம் எல்லாப் படங்களையும் மீண்டும் இறக்க வேண்டிவரும். தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக்கித் தரும் டி.என்.எஸ். சேவையை 1.1.1.1, 8.8.8.8 ஆகிய முகவரிகளுக்கு மாற்றிப் பார்த்ததில் கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு இல்லை.

இத்தனைக்குப் பின்னரும் சில செய்தித் தளங்கள் மெதுவாகவே திறந்தன. ஒரு மரண அறிவித்தலைப் படிக்க, தானாக ஓடும் காணொளிகளும் பக்கத்தின் நான்கு பக்கமும் விளம்பரங்களும் இறங்க வேண்டியிருப்பதே காரணம். விளம்பரத் தடுப்பு நீட்சி போடலாம் என்ற யோசனைக்கு, விளம்பர வருமானத்தில் மட்டுமே உயிர்வாழும் சிறு தமிழ்த் தளங்களுக்கு இது அநீதி என்று மூத்த அங்கத்தவர் ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தார். இருதரப்பிலும் நியாயம் உண்டு. இறுதியில், பயர்பொக்ஸ் உலாவியில் யூபுளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி நிறுவப்பட்டு, அங்கத்தவர்கள் விரும்பும் தளங்களில் மட்டும் அது நிறுத்திவைக்கப்பட்டது. குரோம் 2025இல் பழைய வகை நீட்சிகளைக் கைவிட்டதால், அந்த நீட்சியின் முழு வடிவம் அங்கு இயங்காது.

யூடியூப் திணறியது வேறு காரணத்தால். அத்தளம் பெரும்பாலும் விபி9 என்ற முறையில் காணொளியைச் சுருக்கி அனுப்புகிறது. நமது மூன்றாம் தலைமுறை கோர் ஐ3 கணினிகளின் கிராபிக்ஸ் பகுதிக்கு அது தெரியாது; பழைய எச்.264 முறை தெரியும். விபி9ஐ முழுமையாகப் பிரித்தெடுக்கும் வசதி இன்டெலின் ஏழாம் தலைமுறையோடுதான் வந்தது. ஆகவே முழுச் சுமையும் புரொசசரில் விழுகிறது. எச்.264 காணொளியையே கேட்டுப் பெறும் சிறு நீட்சி ஒன்றும், 480பி தரத்தில் பார்க்கும்படி சுவரில் ஒட்டிய அறிவித்தலும் போதுமாயின. ‘நூலகம்’ என்ற இணையவழி எண்ணிம நூலகத்தில் பழைய மலர்களை வாசிப்போர், வருடிய பக்கங்கள் கொண்ட பெரிய பி.டி.எப். கோப்புகளை உலாவிக்குள் திறக்காமல், தரவிறக்கிய பின் தனி வாசிப்பானில் திறக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாளில் பக்கம் திறக்காவிட்டால் அதற்கு நமது கணினியில் செய்யக்கூடியது ஏதுமில்லை. குறுஞ்செய்தி வழியை நாடுவதே மேல்.

இனி மென்பொருளின் வயது. விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் திகதியே முடிந்துவிட்டது; குரோமும் அதில் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. புதிய தளங்கள் பழைய உலாவியில் தவறாகத் திறந்ததற்கு இதுவே காரணம். கோர் 2 டுவோ கணினிகள் இரண்டிலும் விண்டோஸ் 7 நீக்கப்பட்டு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எப்சிஈ என்ற இலவச இயங்குதளம் நிறுவப்பட்டது. பட்டன்களின் இடம் மாறியதில் சிலருக்கு மனக்குறை இருந்தாலும், பயர்பொக்ஸின் நடப்புப் பதிப்பு அதில் தடையின்றி இயங்குகிறது. பாமினி எழுத்துருவில் இருந்த சங்கத்தின் பழைய கடிதங்களுக்கு மட்டும் அந்த எழுத்துருவைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. மற்ற மூன்றிலும் உள்ள விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தது. விண்டோஸ் 11, இன்டெல் புரொசசராயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதையும், பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் டி.பி.எம். 2.0 சிப்பையும் கேட்பதால், இவை அதற்குத் தகுதி பெறமாட்டா. தனிப்பட்ட பாவனையாளருக்கு மைக்ரோசொப்ட் தரும் பாதுகாப்பு நீடிப்பு 2026 ஒக்டோபர் 13ஆம் திகதி வரையே செல்லும். நிபந்தனைகளை ஏமாற்றி விண்டோஸ் 11ஐ நிறுவலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கும் பொதுக் கணினியில் அத்தகைய பரீட்சார்த்தம் பொருந்தாது.

செலவு விபரங்கள் பொருளாளரின் கணக்கறிக்கையில் உள்ளன. இணையப் பெக்கேஜ் மாற்றப்படவில்லை.

இக்கூட்டத்தின் அங்கீகாரத்துக்காகச் செயற்குழு இரண்டு பிரேரணைகளை முன்வைக்கிறது. விண்டோஸ் 10 உள்ள மூன்று கணினிகளில் இரண்டை 2026 செப்டெம்பருக்கு முன் லினக்ஸ் மின்டுக்கு மாற்றி, ஒன்றுக்குப் பதிலாக விண்டோஸ் 11க்குத் தகுதியுள்ள பாவித்த கணினி ஒன்றை வாங்குதல் முதலாவது. ஐந்து கணினிகளையும் ஆண்டுக்கு இருமுறை திறந்து தூசி தட்டுவதற்கான செலவைப் பராமரிப்பு நிதியில் நிரந்தரமாகச் சேர்த்தல் இரண்டாவது. முதலாம் பிரேரணை பற்றி மாற்றுக் கருத்துடையோர் வாக்கெடுப்புக்கு முன் எழுந்து பேசலாம்.

இங்ஙனம்,
செயலாளர்