பேட்டன்ட் வாங்கியதோடு வேலை முடிந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் நோய்க்குப் பயன்படக்கூடிய ஏதாவது ஒன்று கிடைத்துவிட்டால் நிர்வாகம் கேட்கிற முதல் கேள்வி, "பேட்டன்ட்டுக்கு (காப்புரிமைக்கு) விண்ணப்பித்தாச்சா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். கட்டுரையை முதலில் வெளியிட்டுவிட்டால் பல நாடுகளில் பேட்டன்ட் கேட்கிற உரிமையே போய்விடும், பேட்டன்ட் இல்லாத மருந்தில் பணம் போட நிறுவனங்களும் தயங்கும். ஆனால் விண்ணப்பித்த பிறகு அந்தக் கோப்பு என்ன ஆகிறது? பெரும்பாலும் அலமாரிக்குப் போகிறது. பேட்டன்ட்டின் 20 ஆண்டுக் கணக்கு விண்ணப்பித்த நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடுகிறது. விலங்குச் சோதனை, நச்சுத்தன்மைச் சோதனை, மூன்று கட்ட மனிதச் சோதனை, அரசு அனுமதி எல்லாம் முடிய பத்து வருடத்துக்கு மேல் ஆவது சாதாரணம். முதல் நான்கைந்து வருடம் அலமாரியிலேயே கழிந்துவிட்டால் அப்புறம் எந்த நிறுவனம் அதைத் தொடும்?

கண்டுபிடிப்புக்கும் நோயாளிக்கும் நடுவில் இருக்கிற வேலை யாருடையது என்பதைப் பல பல்கலைக்கழகங்கள் இன்னும் முடிவு செய்யவே இல்லை. அதுதான் என் ஆதங்கம்.

பென்சிலினை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளெமிங் என்ற விஞ்ஞானி 1928-இல் கிருமிகளைக் கொல்லும் பூஞ்சையைக் கவனித்தார், அடுத்த வருடம் கட்டுரை எழுதினார், அதிலிருந்து மருந்தைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாமல் விஷயம் கிட்டத்தட்ட அப்படியே நின்றது. பத்து வருடம் கழித்து ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃப்ளோரியும் செயினும் அதைக் கையில் எடுத்தார்கள். அவர்களுடன் நார்மன் ஹீட்லி என்று ஒருவர் இருந்தார். போர்க்காலத் தட்டுப்பாட்டில், மருத்துவமனைப் படுக்கையில் வைக்கும் மலத்தட்டுகளில்கூடப் பூஞ்சையை வளர்த்துப் பார்த்து, பிறகு அதற்கென்றே பீங்கான் பாத்திரங்களை வடிவமைத்து, திரவத்திலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டுபிடித்தவர் அவர்தான். 1941-இல் முதல் நோயாளியான ஒரு காவலருக்கு அதைக் கொடுத்தபோது மனிதர் தேறி வந்தார். ஆனால் இருந்த மருந்து போதவில்லை, அவருடைய சிறுநீரிலிருந்துகூட மருந்தை மீட்டெடுத்துத் திரும்பக் கொடுத்தார்கள், கடைசியில் அதுவும் தீர்ந்து அவர் இறந்துபோனார். மருந்து வேலை செய்தது, தயாரிக்கத்தான் ஆளும் வசதியும் இல்லை! 1945 நோபல் பரிசு ஃபிளெமிங், ஃப்ளோரி, செயின் மூவருக்கும் கிடைத்தது. ஹீட்லிக்கு ஆக்ஸ்ஃபோர்டு கௌரவ மருத்துவ முனைவர் பட்டம் கொடுத்தது 1990-இல்.

இன்சுலின் கதையும் இதே மாதிரிதான். டொரன்டோவில் 1922 ஜனவரி 11 அன்று 14 வயதுப் பையனுக்குப் போட்ட முதல் ஊசி சரியாகப் பலன் தரவில்லை, மருந்தில் அசுத்தம் அதிகம். காலிப் என்ற உயிர்வேதியியலாளர் இரவு பகலாக உட்கார்ந்து அதைச் சுத்தப்படுத்தினார். ஜனவரி 23 அன்று மறுபடியும் போட ஆரம்பித்தார்கள், பையனின் ரத்தச் சர்க்கரை இறங்கியது. சுத்தம் செய்வது, அளவாகத் தயாரிப்பது, ஒவ்வொரு தொகுதியும் முந்தையது போலவே இருக்கிறதா என்று பார்ப்பது என்று இந்த மாதிரி வேலைகளில்தான் ஒரு நோயாளியின் உயிர் தங்கியிருக்கிறது. இன்றைக்கு ஒரு இளம் ஆய்வாளர் இரண்டு வருடம் இதில் செலவிட்டால் பதவி உயர்வுக் குழுவின் முன்னால் காட்ட அவரிடம் என்ன இருக்கும்? கட்டுரை எதுவும் இருக்காது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லையே என்பார்கள். அதனால் வழிகாட்டியே அவரைக் கூப்பிட்டு, இதை விட்டுவிட்டு அடுத்த கட்டுரையைப் பார் என்கிறார். நானும் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன், இந்த அறிவுரையைக் காதால் கேட்டிருக்கிறேன். சொல்பவர் மேல் தவறில்லை, அந்தப் பிள்ளையின் வேலையைக் காப்பாற்றத்தான் சொல்கிறார். பதவி உயர்வு விதிமுறை அப்படி இருக்கிறது, மாற வேண்டியது அந்த விதிமுறை.

கட்டுரை எண்ணிக்கையும் நிதியும் மட்டுமே அளவுகோலாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கட்டலின் கரிக்கோ என்ற ஆய்வாளர் ஒருவர் போதும். எம்ஆர்என்ஏ (செல்லுக்குப் புரதம் செய்யச் சொல்லும் மூலக்கூறு) பற்றிய ஆய்வுக்கு நிதி கிடைக்கவில்லை என்று 1995-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரைப் பதவி இறக்கியது. அவர் விடாமல் இருந்ததால் 2005-இல் சக ஆய்வாளர் வைஸ்மனுடன் சேர்ந்து, பின்னால் கோவிட் தடுப்பூசிக்கு வழிவகுத்த முக்கியமான கட்டுரை வந்தது, 2023-இல் நோபலும் வந்தது. எல்லோராலும் அப்படித் தாக்குப்பிடிக்க முடியாது.

சரி, உதவி என்றால் எப்படி இருக்க வேண்டும்? ஸ்டான்ஃபோர்டில் 2006-இல் டாரியா மோக்லி-ரோசன் என்ற பேராசிரியர் ஸ்பார்க் என்று ஒரு திட்டம் தொடங்கினார். மருந்து நிறுவனங்களில் பல வருடம் வேலை பார்த்தவர்கள் சம்பளம் வாங்காமல் வந்து உட்கார்ந்து, ஆய்வாளர்களின் திட்டத்தைக் கேட்டு, இந்தச் சோதனையை முதலில் செய், இது வீண் என்று நேருக்கு நேர் சொல்கிறார்கள். இந்த மருந்து எந்த நோயாளிக்கு, மாத்திரையா ஊசியா, எத்தனை நாள் எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் ஆரம்பத்திலேயே எழுதிப் பார்த்துவிட வேண்டும். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் நம்மில் பலர் ஐந்து வருடம் ஆய்வு செய்த பிறகும் இதை யோசித்திருக்க மாட்டோம். இதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். அனுபவசாலிகளின் நேரம், சிறிய தொகை, எத்திக்ஸ் கமிட்டி விண்ணப்பத்திலிருந்து அனுமதி ஆவணம் வரை கூடவே நின்று பார்க்க ஒரு நிரந்தர ஊழியர், அப்புறம் வார்டில் நோயாளியைப் பார்க்கிற மருத்துவருக்கு ஆய்வுக்கென்று ஒதுக்கிய நாட்கள். புறநோயாளிகள் வரிசை முடிந்த பிறகு கிடைக்கிற அரை மணி நேரத்தில் மனிதச் சோதனை நடத்தச் சொல்வது நியாயமே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மருந்தைத் தயாரிக்க நிறுவனத்துக்கு உரிமம் கொடுக்கும் அன்றைக்குத்தான் பல்கலைக்கழகத்தின் கை ஓங்கியிருக்கும், அப்போது போடாத நிபந்தனையைப் பிறகு போட முடியாது. டொரன்டோ பல்கலைக்கழகம் இன்சுலின் பேட்டன்ட்டை மூன்று ஆய்வாளர்களிடமிருந்து ஆளுக்கு ஒரு டாலருக்கு வாங்கி, அதை வைத்துத் தயாரிப்பாளர்களின் தரத்தைக் கட்டுப்படுத்தியது. யேல் பல்கலைக்கழகத்தின் கையில் பேட்டன்ட் இருந்த எச்ஐவி மருந்து ஒன்று, 2001-இல் மாணவர்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் அழுத்தம் கொடுத்த பிறகுதான் தென்னாப்பிரிக்காவில் விலை இறங்கியது. குறைந்த விலையை உரிம ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் போராட்டமே தேவைப்பட்டிருக்காது.

உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் புதிய சிகிச்சை கண்டுபிடித்ததாக அறிவிக்கும்போது, பேட்டன்ட் எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு வந்துவிட வேண்டாம். இதை மனிதச் சோதனை வரைக்கும் கொண்டுபோகிற பொறுப்பு யாருடையது, அவருக்குச் சம்பளம் எத்தனை வருடத்துக்கு உறுதி, மருந்து வந்தால் ஏழை நோயாளிக்கு என்ன விலைக்குக் கிடைக்கும் என்று உரிமத்தில் எழுதியிருக்கிறதா என்று கேட்டு, வருகிற பதிலை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக ஊழியர்