கேடயத்தைத் திருப்பிப் போட்டவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஐரோப்பியர்களின் கேடயச் சின்னங்களைப் பற்றி வந்த ‘குலச்சின்ன ரகசியங்கள்’ கட்டுரையில் ஒரு வரி: “கேடயத்தில் சிவப்பு என்றால் வீரம், நீலம் என்றால் விசுவாசம், பொன் என்றால் கொடை.” ராசிபலன் பக்கத்து வரி இடம் தவறி இங்கே வந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

நாற்பது ஆண்டுகள் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவன் நான். வெள்ளைத் தரையில் மஞ்சள் எழுத்துத்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவரைத் தெருவின் எதிர்ப்பக்கம் அழைத்துப்போய் நிறுத்தி, “படியுங்கள்” என்பேன். பேச்சு அடங்கிவிடும். ஐரோப்பியச் சின்னக் கலையின் அடிப்படை விதியும் அதுதான். பொன்னும் (அதாவது மஞ்சள்) வெள்ளியும் (அதாவது வெள்ளை) உலோகங்கள்; சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா நிறங்கள். உலோகத்தின்மேல் உலோகமோ, நிறத்தின்மேல் நிறமோ வரலாகாது. தூரத்தில் வருபவன் யாரென்று தெரியவேண்டாமா? இதற்குக் கட்டுரையில் ஒரு வரி இடமில்லை.

‘குலச்சின்னம்’ என்பதே பிழை. இங்கிலாந்தில் சின்னம் ஆளுக்குரியது. குடும்பப் பெயருக்கு அல்ல. தந்தை இருக்கும்வரை மூத்த மகன்கூட ஒரு வேற்றுமைக்குறி சேர்த்துத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும். பொருளோ, பல சமயம் வெறும் சிலேடை. 2011இல் கேட் மிடில்டனின் தந்தைக்கு வழங்கப்பட்ட கேடயத்தில் மூன்று ஓக் காய்கள், மூன்று பிள்ளைகளுக்காக. நடுவில் கூரை வடிவில் பொன்பட்டை, கேட்டின் தாயார் பிறந்த வீட்டுப் பெயர் கோல்ட்ஸ்மித் என்பதால். காளமேகத்தை விடாமல் சிறப்பிதழில் போடும் தங்களுக்குச் சிலேடை புரியாதா என்ன!

1596இல் ஷேக்ஸ்பியரின் தந்தை பெற்ற சின்னமும் அப்படியே: பொன் கேடயம், சாய்ந்த கறுப்புப் பட்டை, அதன்மேல் ஓர் ஈட்டி. ‘ஸ்பியர்’ என்றால் ஈட்டிதானே. பட்டை, பார்ப்பவரின் இடப்பக்க மேல்முனையிலிருந்து வலப்பக்கம் இறங்கவேண்டும். தாங்களோ, பக்க அழகுக்காகவோ என்னவோ, கட்டுரையில் அந்தக் கேடயத்தின் படத்தை இடம் வலமாகப் புரட்டிவிட்டீர்கள். அதன் பக்கத்திலேயே, எதிர்ச்சாய்வுப் பட்டை முறைதவறிப் பிறந்தவர்களின் அடையாளம் என்றும் எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். (அதுவும் அரைகுறைச் செய்திதான், போகட்டும்.) அவர் கணக்குப்படி அந்தப் பெரியவரைத் தாங்கள் என்ன சொல்லித் திட்டியிருக்கிறீர்கள் என்று புரிகிறதா?

முன்பு கொடிகளைப் பற்றி எழுதியபோதும் இதே வண்ண ஜோசியம்தான். அப்போது நான் எழுதிய கடிதத்தில் திருத்தங்களை வெட்டிவிட்டு, பாராட்டிய முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள். எனவே இம்முறை பாராட்டு எதுவும் சேர்க்கவில்லை.

அடுத்த இதழில் அந்தப் படத்தை மட்டுமாவது நேராகப் போடுங்கள். தபால்தலை அளவு இருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
பழைய பெயர்ப்பலகை ஓவியர்