கடைசிப் படகு அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

ஆற்றில் என்னோடு கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டிய 11 பேருக்கும், ஆற்றில் இறங்காமலே எங்களுக்காக ஒரு நாளைக் கொடுத்த இருவருக்கும் வணக்கம்.

கரையேறியதும் எல்லோரிடமும் நன்றி சொன்னேன். ஆற்றில் கவிழ்ந்து நனைந்த குளிரில் பல் கிட்டிப்போயிருந்ததால் அது யார் காதிலும் சரியாக விழுந்திருக்காது. அதனால்தான் இந்த மடல்.

முதலில், என் முணுமுணுப்பைப் பொறுத்துக்கொண்டவருக்கு. பருத்திச் சட்டை வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டையெல்லாம் இழுத்துவிடும் என்று முந்தின நாளே சொன்னீர்கள். மாற்றுடையைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கட்டச் சொன்னீர்கள். இந்த வெயிலுக்கு இதெல்லாம் எதற்கு என்று அலுத்துக்கொண்டே கட்டினேன். இலையுதிர் காலத்து ஆறு அப்படித்தான் ஏமாற்றும்: முதுகில் வெயில் இதமாக இருக்கும், தண்ணீர் எலும்பைக் கடிக்கும். 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போன தண்ணீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு நம் பேச்சைக் கேட்காது, முதல் ஒரு நிமிடம் அதைச் சீராக்குவது மட்டும்தான் வேலை என்றீர்கள். சும்மா பயமுறுத்துகிறீர்கள் என்று நினைத்தேன்.

முன்படகு அண்ணனுக்கு: அந்த வளைவில் துடுப்பைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்து எங்களை நிறுத்தினீர்கள். ஆற்றில் சாய்ந்து கிடந்த மரத்தைக் கரையிலிருந்து பார்த்துவிட்டு, படகுகளைத் தூக்கிக்கொண்டுதான் தாண்ட வேண்டும் என்றீர்கள். ஓரமாக நுழைந்துவிடலாம் என்று வாதாடிய மூன்று பேரில் நானும் ஒருவன். கிளைகளுக்கு நடுவே தண்ணீர் போகும், ஆள் போக முடியாது, ஓட்டம் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொள்ளும் என்று நிதானமாக விளக்கினீர்கள். வழுக்குகிற சருகுமேல் படகைச் சுமந்தபோது மனசுக்குள் உங்களை வைதேன். மன்னியுங்கள்.

நான் கவிழ்ந்தது அதற்கப்புறம், யாருமே கவிழாத ஓர் இடத்தில். பழுத்த இலைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே போய்ப் பாறையில் மோதினேன். மோதினால் பாறைப் பக்கமே சாய வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஓட்டம் படகைப் புரட்டிவிடும். காலையில் கேட்ட பாடம், மதியம் மறந்துபோச்சு.

அக்கா, மூன்று முறை விசில் ஊதினீர்களாம். எனக்குக் கேட்டது உங்கள் கத்தல்தான்: "நிக்காதே! மல்லாந்து படு, காலை முன்னாடி நீட்டு!" நிற்கத்தான் போனேன். இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று தோன்றியது. பாறை இடுக்கில் கால் மாட்டியிருந்தால் அந்த இடுப்பளவே போதும் என்று பிறகுதான் புரிந்தது. நீங்கள் வீசிய கயிறு முதல் வீச்சிலேயே தோளில் வந்து விழுந்தது. நாள் முழுக்க எல்லாருடைய முதுகையும் எண்ணிக்கொண்டு, ஆக மெதுவாக வருகிறவனுக்காகத் துடுப்பை நிறுத்தி நிறுத்தி வருவது எவ்வளவு அலுப்பான வேலை! அதை நீங்களாகக் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள் என்பது திரும்பும்போதுதான் தெரியவந்தது.

மிதந்துபோன என் துடுப்பைத் துரத்திப் பிடித்த இருவருக்கும் நன்றி. காலையிலேயே ஒரு வண்டியைக் கீழ்க்கரையில் கொண்டுபோய் நிறுத்தி, இருட்டுகிற நேரத்தில் ஹீட்டரைப் போட்டுவைத்துக் காத்திருந்தவர்களுக்கும்தான்.

அக்கா, உங்கள் கம்பளித் தொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. துவைத்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை கொண்டுவருகிறேன். கடைசிப் படகை ஓட்டும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை. பேச்சுத்துணைக்குப் பக்கத்திலாவது வருகிறேன்.