ஆண்டறிக்கை: எம்.ஆர்.2 பட்ட பாடும் மற்ற விவரங்களும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் கேட்டுக்கொண்டபடி இந்த முறை அறிக்கையைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். உதிரிபாகங்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடி நேரம் வீணாக்கவில்லை. இங்கே கலிஃபோர்னியாவில் கராஜுக்குள் நாம் என்ன சொல்கிறோமோ, அதையே எழுதியிருக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. ஆட்டோகிராஸ் (காலி மைதானத்தில் கோன் வைத்து அமைத்த பாதையில் ஒவ்வொரு வண்டியாக ஓட்டி நேரம் பார்க்கும் போட்டி) நாட்கள் ஏழு. ஒன்று மழையில் போனது. மற்றபடி ஆண்டு முழுவதையும் நம் பொது வண்டியான 1991 டொயோட்டா எம்.ஆர்.2 விழுங்கிவிட்டது. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் வண்டி இது. எடையில் பாதிக்கு மேல் பின்சக்கரங்களின் மீது விழுகிறது. கனம் நடுவில் குவிந்திருப்பதால் கோன்களுக்கிடையே சட்டென்று திரும்பும். அதே வேகத்தில் பம்பரம்போல் சுற்றியும் விடும். வளைவின் நடுவே பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்னால் நகர்ந்து பின் டயர்களின் பிடி குறையும். அப்புறம் வண்டி எந்தப் பக்கம் பார்க்கும் என்று சொல்ல முடியாது. தொடக்க கால வண்டிகளுக்கு இந்தக் கெட்ட பெயர் இருந்ததால்தான் டொயோட்டா 1993 மாடலுக்குள் சஸ்பென்ஷனைத் திருத்தி, 15 அங்குலச் சக்கரமும் பின்னால் அகலமான டயரும் போட்டது. நம்முடையது அதற்கு முந்தையது.

ஆண்டுத் தொடக்கத்தில் வண்டியை நான்கு சென்டிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங் வாங்கினோம். வாங்கலாம் என்று வாதாடியவர்களில் நானும் ஒருவன். பார்க்க அழகாக இருந்தது. முதல் நிகழ்வில் ஆறு ஓட்டத்தில் மூன்று ஸ்பின். ஓர் ஓட்டத்தில் மட்டும் நான்கு கோன் விழுந்தது. கோனுக்கு 2 விநாடி அபராதம் என்பதால் அந்த ஓட்டத்தின் நேரத்தை இங்கே எழுதவில்லை.

காரணம் பிறகு புரிந்தது. நான்கு பக்கமும் மக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) உள்ள வண்டி இது. அதிகம் தாழ்த்தினால், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கீழ்க்கை சக்கரத்துப் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். ரோல் சென்டர், அதாவது வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, ஒரேயடியாகக் கீழே போகும். தாழ்த்தியும் சாய்வு எதிர்பார்த்தபடி குறையாததற்கு அதுதான் காரணம். வண்டி சாயும்போது வெளிப்பக்க டயர் நிமிர்ந்து நிற்காமல் தோள்மீது ஏறிவிடுகிறது. போதாக்குறைக்கு ஷாக் அப்சார்பர் மேலே போக இடமில்லாமல் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் முட்டுகிறது. முட்டிய நொடியில் அந்த மூலை கல்லாகிவிடும், பிடி போய்விடும்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. ஸ்பிரிங் மாற்றியபின் அலைன்மெண்ட் பார்த்த கடையில் முன்சக்கரத்தை மட்டும் சரிசெய்து கொடுத்திருந்தார்கள். பின்சக்கரங்கள் டோ-அவுட்டில், அதாவது முன்விளிம்பு வெளிப்பக்கம் விரிந்து, நின்றதை அவர்கள் தந்த தாளே சொன்னது. அதை யாரும் படிக்கவில்லை. மூன்று மாதம் கையுறைப் பெட்டியில் கிடந்தது.

சரி, என்ன செய்தோம்? பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டோம். எஸ்.சி.சி.ஏ.வின் (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) ஸ்ட்ரீட் பிரிவில் ஓட வேண்டுமென்றால் வண்டியோடு வந்த ஸ்பிரிங்தான் இருக்க வேண்டும், எப்படியும் அதுதான் வழி. தளர்ந்துபோன ஷாக் அப்சார்பர்களுக்குப் பதில் ரீபவுண்டை (அமுங்கியபின் திரும்ப நீளும் வேகத்தை) திருகி மாற்றக்கூடிய கோனி நிறுவன ஷாக் போட்டோம். கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதுபோல் வண்டியின் இருபுறமும் நூல் கட்டி, பின்சக்கரத்துக்கு மொத்தம் 4 மில்லிமீட்டர் டோ-இன் (முன்விளிம்பு உள்பக்கம் ஒடுங்கி) வைத்தோம், முன்னால் பூஜ்யம். ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பிடிக்கும் போல்ட்டுக்குப் பதில் சற்று மெல்லிய போல்ட் போட்டதில் முன் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும் கோணம்) ஏறத்தாழ ஒரு டிகிரி கூடுதலாகக் கிடைத்தது. முன்னால், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரைத் தடித்ததாகப் போட்டோம். பின்பக்கத்தைத் தொடவில்லை, பின் பாரைத் தடிப்பாக்கினால் உள்பக்கச் சக்கரம் தூக்கிக்கொண்டு வெறுமனே சுழலும், அதைத் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் நம்மிடம் கிடையாது.

உண்மையில் பெரிய மாற்றம் தந்தது காற்றழுத்தமானியும் ஒரு சாக்குக் கட்டியும். டயரின் தோளில் சாக்குக் கோடு போட்டு ஓட்டிப் பார்த்தால் டயர் எவ்வளவு மடிகிறது என்று தெரிந்துவிடும். காற்றழுத்தம் முன்னால் 32, பின்னால் 30 பி.எஸ்.ஐ. என்ற அளவில் வந்து நின்றோம். இருவர் மாறி மாறி ஓட்டும் நாளில் டயர் சூடேறி அழுத்தம் கூடும். ஓட்டங்களுக்கிடையே தண்ணீர் தெளிக்கும் வேலையைத் துணைத்தலைவர் பொறுமையாகச் செய்தார். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதையும் நோட்டில் எழுத வேண்டும் என்பதைச் செயற்குழு தீர்மானமாகவே நிறைவேற்றியிருக்கிறது. கடைசி இரு நிகழ்வுகளிலும் ஸ்பின் இல்லை.

கணக்கு விவரம் பொருளாளரின் தனி அறிக்கையில் உள்ளது. விற்ற ஸ்பிரிங்குக்குப் பாதி விலைதான் கிடைத்தது. அவர் வேண்டாம் என்று அப்போதே சொன்னார். அதைப் பதிவு செய்யச் சொன்னார், செய்துவிட்டேன்.

நிலுவையில் இருப்பவை: பின் டோ லிங்க் (பின்சக்கரத்தின் டோவைப் பிடித்துவைக்கும் கம்பி) புஷ்கள் தேய்ந்திருக்கின்றன, அடுத்த நிகழ்வுக்குள் மாற்ற வேண்டும். ஓட்ட வருபவர்கள் விழுந்த கோனை எடுத்து வைக்கும் வேலையையும் தங்கள் முறை வரும்போது தவறாமல் செய்ய வேண்டும். சங்கத்தின் டார்க் ரெஞ்சை எடுத்துச் சென்றவர் திருப்பித் தரவும்.

இப்படிக்கு,
செயலாளர்