அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டு வா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக இணையதளங்கள் செய்துகொடுக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாளா! இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்திருக்கிறது, மாலையில் நடக்கப் போகிறார்.

உன் ஊரில் வலை டெவலப்பர்கள் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள், போகலாமா என்று யோசித்து யோசித்தே விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். "சந்தேகம் வந்தால் ஏஐயிடம் கேட்டால் நொடியில் பதில் வருகிறது, அங்கே போய் என்ன செய்ய?" என்றும் கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விதான். அந்தக் கருவிகளை நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனாலும் நீ போக வேண்டும் என்றுதான் சொல்வேன்.

எங்கள் குழுவின் கூட்டத்துக்குச் சில மாதங்களுக்கு முன் பார்வையற்ற ஒருவரை அழைத்திருந்தோம். உரையாற்ற அல்ல, எங்களில் சிலர் செய்த தளங்களைப் பயன்படுத்திக் காட்ட. அவர் தன் லேப்டாப்பைத் திறந்து, திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் பேசுவது எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் இணைத்தார். முதலில் ஒரு பதிவுப் படிவம். எங்கள் கண்ணுக்கு அது கச்சிதமாக இருந்தது. அவர் டேப் விசையை அழுத்தி ஒவ்வொரு பெட்டியாகப் போகப் போக, "எடிட்", "எடிட்" என்று மட்டும்தான் குரல் வந்தது. எது பெயருக்கான பெட்டி, எது தொலைபேசி எண்ணுக்கானது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. பெட்டிகளுக்கு மேலே எழுத்து இருந்தது, ஆனால் எந்த எழுத்து எந்தப் பெட்டிக்கு என்று லேபிளை இணைத்து எழுதவில்லை. ஒருவழியாக ஊகித்து நிரப்பிவிட்டார். அதன்பிறகு 'அனுப்பு' பொத்தானுக்குப் போகவே முடியவில்லை. ஏனென்றால் அது உண்மையான பட்டனே இல்லை. 'டிவ்' என்ற வெறும் பெட்டிக்கு நிறம் கொடுத்து, க்ளிக் செய்தால் வேலை செய்யும்படி வைத்திருந்தார்கள். மவுஸ் பிடிப்பவருக்கு அங்கே பொத்தான் இருந்தது. கீபோர்டை மட்டும் நம்பி வருகிறவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

இவற்றையெல்லாம் சொல்லும் டபிள்யூசிஏஜி 2.0, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளங்களைச் செய்வதற்கான வழிகாட்டு நெறிகள், 2008-லேயே வந்துவிட்டன. அந்த அறையில் இருந்த பலர் அதைப் படித்தவர்கள்தான். ஆனால் ஒரு மனிதர் நம் கண்முன்னால், நாம் செய்த படிவத்தில் மாட்டிக்கொண்டு தவிப்பதைப் பார்ப்பது வேறு. அந்தத் தளத்தைச் செய்த பெண் அன்றிரவே லேபிள்களை இணைத்து, டிவ்வைத் தூக்கிவிட்டுப் பட்டனாக மாற்றிக் குழுவுக்குச் செய்தி அனுப்பினார். கேட்டதற்குத்தானே ஏஐ பதில் சொல்லும்? அந்தப் படிவத்தில் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அதுவரை யாருக்கும் தோன்றவில்லையே.

அப்புறம், 'அங்கே வருகிறவர்கள் எல்லாம் பெரிய ஆட்கள், நான் என்ன பேச' என்ற தயக்கம். பெரும்பாலான குழுக்களில் ஐந்து நிமிடக் குட்டி உரைகள் உண்டு. அண்மையில் நான் கேட்டவற்றில் சிறந்தது ஒரு கல்லூரி மாணவி பேசியது. இணையப் பக்கம் திறக்கும்போது எழுத்து ஏன் திடீரென்று கீழே குதிக்கிறது என்பதுதான் விஷயம். படத்தின் அகலத்தையும் உயரத்தையும் பக்கத்தின் எச்டிஎம்எல் குறியீட்டில் எழுதாவிட்டால், எவ்வளவு இடம் ஒதுக்குவது என்று பிரவுசருக்குத் தெரியாது. படம் வந்து சேர்ந்ததும் மற்றதையெல்லாம் தள்ளிவிடும். இரண்டு எண்களை எழுதிவிட்டால் போதும், விகிதத்தைக் கணக்கிட்டு முன்கூட்டியே இடம் விட்டுவைக்கும். அதை அவர் கற்றதே அந்த வாரம்தான். அதனால்தான் எங்கே குழம்பும் என்பது அவருக்கு அவ்வளவு நன்றாக நினைவிருந்தது. பல வருட அனுபவம் உள்ளவர்கள் இதை அவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

பாதியில் நிற்கும் வேலையையும் இப்படிப்பட்ட கூட்டங்களில் தைரியமாகக் காட்டலாம். 1975-ல் கலிஃபோர்னியாவில் ஒரு கார் ஷெட்டில் தொடங்கிய ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் என்ற கணினி ஆர்வலர் குழுவில்தான், பின்னாளில் ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் தன் கணினியின் சர்க்யூட் வரைபடத்தை நகலெடுத்து எல்லோருக்கும் சும்மா கொடுத்தார். பிறகு ஆப்பிள்-1 என்று விற்பனைக்கு வந்தது அந்தக் கணினிதான். நாம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கற்ற ஜேகுவரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை ஜான் ரெசிக் முதலில் வெளியிட்டது, 2006 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த ஒரு பார்கேம்ப் என்ற திறந்த கூட்டத்தில். பார்கேம்ப்பில் பார்வையாளர் என்று தனியாக யாரும் கிடையாது, வருகிற எல்லோரும் பங்கெடுக்க வேண்டும். அந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

முதல் தடவை போகும்போது கஷ்டமான நேரம் எது தெரியுமா? இடைவேளை. எல்லோரும் ஏற்கெனவே வட்டம் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். எங்கள் குழுவில் பேக்மேன் விதி என்று ஒன்றைப் பின்பற்றுகிறோம். எரிக் ஹோல்ஷர் என்பவர் எழுதியது. வட்டமாக நின்றால், பழைய வீடியோ விளையாட்டில் வரும் பேக்மேனின் திறந்த வாய் மாதிரி, இன்னொருவர் வந்து சேர ஓர் இடைவெளி விட்டே நிற்க வேண்டும். உன் ஊர்க் குழுவில் இது இல்லாவிட்டால், கொஞ்சம் சீக்கிரமே போய் ஏற்பாடு செய்கிறவர்களிடம் ஏதாவது வேலை கேள். நாற்காலி போடுவது, புரொஜெக்டரை இணைப்பது, வருகிறவர்களை வரவேற்பது என்று எதுவாக இருந்தாலும் சரி. கையில் வேலை இருந்தால் பேச்சு தானாக வரும்.

எல்லாக் குழுவும் நன்றாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். மேடையைப் பொருள் விற்கிறவர்கள் பிடித்துக்கொண்ட கூட்டங்களும் உண்டு. தனியாக வரும் பெண்கள் மறுமுறை வராத குழுவில் ஏதோ சரியில்லை. நடத்தை விதிகள் எழுதி வைத்திருக்கிறார்களா, புகார் வந்தால் யார் கவனிப்பார் என்று சொல்லியிருக்கிறார்களா என்று பார். இல்லையென்றால் கேள்.

என் பக்கத்துச் செய்தி: இப்போது ஏற்பாட்டாளர்களில் நானும் ஒருவன். ஓர் அலுவலகம் வேலை நேரம் முடிந்ததும் கூடத்தைத் தருகிறது. பெயர் கொடுத்தவர்களில் பலர் வருவதில்லை, அதற்குப் பழகிவிட்டோம். போன மாதம் பேச வேண்டியவருக்குக் காய்ச்சல். சரி, அவரவர் சிக்கிக்கொண்டு நிற்கும் நிரலைத் திறந்து காட்டுங்கள் என்றோம். நேரம் முடிந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இனி ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் அப்படியே நடத்தப்போகிறோம்.

இணையம் விட்டு விட்டு வரும் இடத்திலும் நிரப்பக்கூடிய படிவம் ஒன்றை, பிரவுசரில் பின்னணியில் ஓடும் நிரலான சர்வீஸ் வொர்க்கர் வைத்துச் செய்துகொண்டிருப்பதாக எழுதினாயே, உன் ஐந்து நிமிடத்துக்கு அதுதான் சரியான விஷயம். முடியட்டும் என்று காத்திருக்காதே. எங்கள் குழுவிலும் ஒருவர் இதே வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறார். இணைப்பு திரும்பியதும் ஒரே படிவம் இரண்டு தடவை போய்விடுகிறதாம். நீ அதை எப்படித் தடுத்தாய் என்று எழுது, அடுத்த கூட்டத்தில் அவரிடம் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்