நீல ராம் இப்போது வேண்டாம்

அன்புள்ள கார்த்திக்கு,

உன் மீன் தொட்டியின் படம் பார்த்தேன். நீர்ச்செடிகளில் வாலிஸ்னேரியா நன்றாகப் பிடித்துவிட்டது. கிரிப்டோகோரைன் இலைகள் கரைகின்றன என்று எழுதியிருந்தாய். இடம் மாறினால் அதன் குணமே அப்படித்தான். வேரைப் பிடுங்கிப் பார்க்காமல் விட்டுவிடு, புது இலை தானாக வரும்.

இனி மீன் விஷயம். இங்கே சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் எலெக்ட்ரிக் புளூ ராம் என்ற நீல மீன் ஒரு ஜோடி வாங்கி அனுப்பச் சொல்கிறாய். கடையில் அந்த நீலத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வரும். ராம் சிக்லிட் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் முதல் சிக்லிட்டாக அது வேண்டாம் கண்ணா. ராமின் சொந்த ஊர் வெனிசுலா, கொலம்பியா பக்கத்து ஓரினோகோ சமவெளி. அங்கே தண்ணீர் வெதுவெதுப்பாக, உப்புகள் குறைந்து மிக மென்மையாக, கொஞ்சம் புளிப்புத் தன்மையோடு இருக்கும். 28 டிகிரிக்குக் கீழே போனால் அது சுணங்கிவிடும். அதிலும் நிறத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த ரகம் சீக்கிரம் நோயில் விழும். பெங்களூரில் உன் அபார்ட்மெண்டிலோ ஒரு வாரம் காவிரித் தண்ணீர், அடுத்த வாரம் டேங்கர் போர் தண்ணீர். எந்த ராம் இதைத் தாங்கும்?

அதற்குப் பதிலாக அபிஸ்டோகிராமா ககாட்டுவாய்டெஸ் என்ற குட்டி சிக்லிட் வாங்கு. கடையில் காக்கட்டூ என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆணின் முதுகுத் துடுப்பில் முன்பக்க முட்கள் கொண்டைபோல நிமிர்ந்து நிற்கும், அதனால்தான் அந்தப் பெயர். அது அமேசான் பக்கத்து மீன், ஆனாலும் உப்பு கூடிய, கொஞ்சம் கடினமான தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும். 25, 26 டிகிரி போதும், உன் செடிகளுக்கும் அதுதான் சுகம். உன்னுடைய இரண்டடித் தொட்டிக்கு ஓர் ஆண், இரண்டு பெண். இரண்டு ஆண் போட்டால் சண்டைதான்.

அடியில் நைஸ் மணல் இருக்கட்டும், அவை வாயில் அள்ளிச் சலித்துத் துப்பும். மணலில் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பார். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, வேண்டாம். பெண்ணுக்கு ஒன்று வீதம் கொட்டாங்குச்சியில் வாசல் வெட்டிக் கவிழ்த்து வை. வாசல் சின்னதாக, பெண் மட்டும் நுழையும் அளவுக்கு இருக்கட்டும். உதிர்ந்து காய்ந்த பாதாம் மர இலை இரண்டு போடு. தண்ணீர் டீ நிறமாகும், அழுக்கு என்று நினைத்து மாற்றிவிடாதே.

பெண் மீன் முட்டையை அந்தக் கொட்டாங்குச்சிக் குகையின் கூரையில்தான் ஒட்டும். அப்போது பெண்ணைப் பார்க்க வேண்டும்டா! மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி உடம்பு முழுக்க மஞ்சளாகி, நடுநடுவே கறுப்புக் கோடும் புள்ளியுமாக இருக்கும். தன்னைவிடப் பெரிய ஆணையே விரட்டும். உன் அப்பா டிவியை அணைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். முதல் தடவைகளில் முட்டையைத் தானே தின்றாலும் தின்றுவிடும். அதற்காகக் குகையைத் தூக்கித் தூக்கிப் பார்க்காதே, அடுத்த தடவையும் கெடும். குஞ்சுகள் நீந்த ஆரம்பித்ததும் அப்போதுதான் முட்டையிலிருந்து வெளிவந்த ஆர்ட்டீமியா, அதாவது பொடி உப்புநீர் இறால் குஞ்சு, கொடு.

ஹீட்டரை 26-லேயே வை. 1996-இல் ஜெர்மனியில் ரோமர், பைசன்ஹெர்ட்ஸ் என்று இரண்டு பேர் அபிஸ்டோகிராமா வகைகளை 23, 26, 29 டிகிரிகளில் வளர்த்துப் பார்த்தார்கள். பெரும்பாலான வகைகளில் சூடு கூடக் கூட ஆண் குஞ்சுகள் அதிகமாயின. சூட்டை ஏற்றிவிட்டால் குஞ்செல்லாம் ஆணாகிப் போய் ஒன்றையொன்று கடிக்கும், அப்புறம் யாருக்குக் கொடுப்பாய்? சென்னையில் எனக்கு ஹீட்டரே தேவைப்படுவதில்லை. பெங்களூர் டிசம்பரில் அது இல்லாமல் முடியாது.

சித்தி பையன் அடுத்த மாதம் இரவு பஸ்ஸில் அங்கே வருகிறான். ஆக்சிஜன் அடைத்த பையில் மீனைக் கொடுத்தனுப்புகிறேன், ஒரு ராத்திரி தாங்கும். அதற்கு முன் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டுகிறதா என்று டெஸ்ட் பண்ணிச் சொல். காவிரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு தடவை, டேங்கர் வரும் நாளில் ஒரு தடவை டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு, பார்த்து இரண்டு எண்ணையும் அனுப்பு. ஆர்ஓ தண்ணீர் எவ்வளவு கலக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா